கார்டு கையில இருக்கு... வண்டியை எங்கே நிறுத்துறது? வெளியூர் போகும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பார்க்கிங் கைடு!

போன வருஷம் சொந்தத்துல ஒரு கல்யாணம். மண்டபம் வெளியூர்ல. விருத்தாசலத்துலேருந்து பெரியப்பாவை கார்ல கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசுல போலியோ வந்ததால அவருக்கு வலது கால் நடக்காது. ஊன்றுகோல்தான் துணை. பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுறது அவர் வேலை. பொம்மைக்குப் புருவம் வரையறப்போ கை கொஞ்சம்கூட நடுங்காது.

மண்டபத்து வாசல்ல சக்கர நாற்காலி படம் வரைஞ்ச பார்க்கிங் இடம் ஒண்ணு இருந்தது. அதுல பூ அலங்காரம் பண்ற வேன் நின்னுக்கிட்டிருந்தது. டிரைவரைக் காணோம். செக்யூரிட்டிகிட்ட பெரியப்பாவோட அடையாள அட்டையைக் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது கடலூர் மாவட்டத்து கார்டா சார்? இங்க செல்லுமான்னு தெரியலையே" என்றார். கடைசியில் தெருக்கோடியில்தான் இடம் கிடைச்சது. முதல் நாள் மழை. வழியெல்லாம் சேறு. ஊன்றுகோல் ஊன்றினால் உள்ளே இறங்கிடும்.

"நீங்க போங்க. தாலி கட்டுறதுக்குள்ள போய்ச் சேருங்க. நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றார் பெரியப்பா.

அவர் தூக்கி வளர்த்த பொண்ணோட கல்யாணம் அது. கெட்டிமேளத்தை அவர் கார்ல உட்கார்ந்தபடிதான் கேட்டார்.

அன்னிக்கு எங்க யாருக்கும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியல. ஒரு ஊரில் வாங்கின கார்டு இன்னொரு ஊரில் செல்லுமா? செல்லும்னா, எதுக்கெல்லாம் செல்லும்? அதைத் தேடிப் படிச்சப்போ புரிஞ்சதைத்தான் இந்தக் கட்டுரையில எழுதியிருக்கேன். உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பாவோ, அத்தையோ, அண்ணனோ இருக்கலாம். இல்ல, அந்த கார்டு உங்க பர்ஸிலேயே இருக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம்: நம்மகிட்ட 'பார்க்கிங் பர்மிட்' கிடையாது

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் 'ப்ளூ பேட்ஜ்' பற்றிச் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டனில் கார் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற நீல அட்டை அது. அதை வைத்திருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்தலாம். மற்றவர்கள் நிறுத்தினால் அபராதம். அமெரிக்காவில் ரியர்வியூ கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடும் அட்டை உண்டு. சிங்கப்பூரில் காருக்கான லேபிள் உண்டு.

இந்தியா முழுக்கச் செல்லும் இப்படி ஒரு தனி பார்க்கிங் அட்டை நம்மிடம் கிடையாது. கடையிலும் ஆன்லைனிலும் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் வாங்கி காரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது அரசு கொடுத்த அனுமதி கிடையாது. யார் வேணும்னாலும் வாங்கி ஒட்டலாம். பின்னால் வருகிற வண்டிக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

அப்போ நம்மகிட்ட என்ன இருக்கு? மூணு விதமான உரிமைகள் இருக்கு. சில உரிமை ஆளுக்கு. சில உரிமை வண்டிக்கு. சில உரிமை இடத்துக்கு. இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்திடும். எந்த இடத்தில் எந்தக் காகிதத்தை எடுக்கணும்னும் தெரிஞ்சிடும்.

ஆளுக்கு உள்ள உரிமை: சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும்

அந்த செக்யூரிட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 21 வகையான குறைபாடுகளை இது அங்கீகரிக்கிறது. இந்தச் சட்டத்தின் 58-வது பிரிவு, முறைப்படி வழங்கப்பட்ட மாற்றுத்திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாகவே சொல்கிறது. கடலூரில் வாங்கியது காஷ்மீரிலும் செல்லும்.

அந்தச் சான்றிதழின் அட்டை வடிவம்தான் யு.டி.ஐ.டி கார்டு. தனித்துவ அடையாள அட்டை என்று சொல்வார்கள். மத்திய அரசின் 'ஸ்வாவ்லம்பன் கார்டு' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் அட்டை வரும். 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தப்படி இந்த அட்டைக்கு மூன்று நிறங்கள்: குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் என்றால் மஞ்சள், 80 அல்லது அதற்கு மேல் என்றால் நீலம்.

பெரியப்பாவிடம் அன்னிக்கு இருந்தது, தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் பல வருஷங்களுக்கு முன்னால் கொடுத்த பழைய அடையாளப் புத்தகம். நம்ம மாநிலத்தில் எல்லோருக்கும் அது பழக்கம். வெளிமாநிலத்தில் ஒரு வாட்ச்மேனுக்கு அது என்னன்னே தெரியாது. அதில் இருப்பது தமிழ், கையால் எழுதின எழுத்து, மங்கின சீல். உரிமை செல்லும்தான். ஆனா, எதிரில் இருக்கிறவருக்கு அது புரியணுமே! அதனால் பழைய புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் வெளியூர்ப் பயணத்துக்கு முன்னால் யு.டி.ஐ.டி வாங்கிடுங்க. வாங்கினதும் அதை டிஜிலாக்கரில் சேர்த்துடுங்க. கார்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் போனில் காட்டலாம்.

இங்கே ஒரு 'ஆனால்' இருக்கிறது. சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். சலுகை அப்படியில்லை. யார் அந்தச் சலுகையைத் தருகிறார்களோ, அவர்கள் எல்லைக்குள்தான் அது செல்லும். தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் துணையாளருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்துகளில் 75 சதவிகிதம் கட்டணச் சலுகை உண்டு. விருத்தாசலத்திலிருந்து தமிழ்நாடு அரசுப் பேருந்தில் போனால் இது கிடைக்கும். புதுச்சேரி போய் இறங்கி அங்கத்து அரசுப் பேருந்தில் ஏறினால், அது வேறு அரசாங்கம், வேறு விதி. "நான் மாற்றுத்திறனாளி" என்பதற்கு அங்கேயும் உங்கள் கார்டுதான் ஆதாரம். எவ்வளவு சலுகை என்பதை அங்கத்து அரசுதான் முடிவு செய்யும்.

ரயில்வே இன்னும் ஒரு படி தனி. அவர்களுக்கென்று ஒரு படிவம் இருக்கு. அதில் அரசு மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால், ரயில்வே தனியாக ஓர் அடையாள அட்டை தரும். அந்த எண் இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி-யில் வீட்டிலிருந்தே சலுகை டிக்கெட் எடுக்கலாம். துணையில்லாமல் பயணிக்க முடியாத உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி-யிலும் 75 சதவிகிதச் சலுகை. முழுப் பார்வையின்மை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது உண்டு. கூட வருகிறவருக்கும் அதே சலுகை கிடைக்கும்.

வண்டிக்கு உள்ள உரிமை: ஆர்.சி-யைப் பாருங்க

விருத்தாசலத்திலிருந்து காரில் சென்னைக்குக் கிளம்புறீங்கன்னு வச்சுக்கோங்க. உளுந்தூர்ப்பேட்டை போய் நான்கு வழிச்சாலை ஏறினால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என வரிசையாக டோல்கேட். "மாற்றுத்திறனாளிக்கு டோல் கிடையாதாமே, கார்டைக் காட்டினால் விட்டுவிடுவாங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிப் போனால் டோல்கேட்டில் பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. உடல் குறைபாடு உள்ளவர் பயன்படுத்துவதற்காகவே பிரத்யேகமாக வடிவமைத்துத் தயாரித்த வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. கவனியுங்கள், விலக்கு வண்டிக்கு. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இல்லை. சித்தப்பாவின் காரிலோ, வாடகை காரிலோ நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து போனால் யு.டி.ஐ.டி-யைக் காட்டி டோல் விலக்குக் கேட்க முடியாது. வீணாக வாக்குவாதம் பண்ணி மனசு நொந்துக்க வேண்டாம்.

சொந்தமாக மாற்றியமைத்த கார் வைத்திருந்தால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்:

* கையாலேயே பிரேக், ஆக்ஸிலரேட்டர் இயக்கும்படி செய்த மாற்றத்தை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி-யில் பதிந்திருக்க வேண்டும்.

* ஆர்.சி-யில் உரிமையாளர் வகை என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி என்பதற்கான 'திவ்யாங்ஜன்' என்று இருக்கிறதா பாருங்கள். இப்படிப் பதிவு செய்யும் வசதி 2020 அக்டோபரில் செய்த விதித் திருத்தத்தில் வந்தது. அதற்கு முன்னால் வாங்கின வண்டி என்றால் இந்தப் பதிவு இல்லாமல் இருக்கலாம்.

* விலக்கு பெற்ற ஃபாஸ்டேக்குக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். டோல்கேட்டில் போய் நின்று கேட்கிற விஷயம் இல்லை. வழக்கமான ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் ஸ்கேனர் படித்தவுடன் காசு போய்விடும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு டோல் கிடையாது. நம்ம ஊர்களில் அதிகம் பார்ப்பது, அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்தின பெட்ரோல் ஸ்கூட்டர்தான். பெரியப்பாவும் அதுதான் வைத்திருக்கிறார். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போவது, ஜங்ஷனுக்குப் போவது எல்லாம் அதில்தான். அவருக்கு அது வெறும் வண்டி இல்லை, கால்.

ஆனா, இந்த ஸ்கூட்டரை நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கு. நாம் யோசித்தே இருக்க மாட்டோம். பக்கச் சக்கரங்களால் இது சாதாரண ஸ்கூட்டரைவிட ரொம்ப அகலம். பைக் வரிசையில் அடங்காது. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் கியர் கிடையாது. பைக் மாதிரி ஸ்டாண்டு போட்டுத் தூக்கித் திருப்பவும் முடியாது. முன்னால் ஒரு பைக், பின்னால் ஒரு பைக் ஒட்டி நின்றால் கதை முடிஞ்சது. யாராவது வந்து எடுத்துக்கொடுக்கும்வரை காத்திருக்கணும். "சைக்கிள் ஸ்டாண்டுல ஓரமா முதல் ஆளா நிறுத்துவேன். சாயங்காலம் வந்து பார்த்தா நடுவுல இருக்கும்" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அடுத்த முறை நாலு சக்கரம் உள்ள ஸ்கூட்டர் பக்கத்தில் பைக்கை நிறுத்தும்போது, பின்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விடுங்க.

இடத்துக்கு உள்ள உரிமை: அந்த 12 அடி எதுக்கு?

இப்போது கல்யாண மண்டபத்து விஷயத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடம் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்று யோசித்திருக்கீங்களா? மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகள், 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்கின்றன. அகலம் மட்டும் கிட்டத்தட்ட 12 அடி. ஒரு சாதாரண கார் நிறுத்தும் இடத்துக்கு 2.5 மீட்டர், அதாவது 8 அடி அகலம் போதும். கட்டடத்தின் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இது இருக்கணும் என்பதும் விதி.

கார் எல்லோருக்கும் ஒரே சைஸ்தான். அப்போ மீதி 4 அடி யாருக்கு? இறங்குகிறவருக்கு. கார் கதவை முழுசாகத் திறக்கணும். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் வைத்து விரிக்கணும். சீட்டிலிருந்து அதற்கு மாறணும். ஊன்றுகோல்காரர் காலை வெளியே நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி எழுந்திருக்கணும். பெரியப்பா இதை ஒரே வரியில் சொல்லிட்டார்: "வண்டியை எங்க வேணாலும் நிறுத்திக்கலாம்மா. எறங்கத்தான் எடம் வேணும்."

அதனால்தான் அந்தக் கோடு போட்ட பகுதியில் "பைக் ஒண்ணுதானே" என்று நிறுத்துவதும், காரை மொத்தமாக நிறுத்துவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார் உள்ளே போகும், ஆள் வெளியே வர முடியாது.

சரி, யாரெல்லாம் இந்த இடத்தைத் தரணும்? 2016 சட்டத்தின் 41-வது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கே பார்க்கிங், கழிப்பறை, டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் அணுகல் தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ரயில் நிலையங்களில் செய்ய வேண்டிய அடிப்படை வசதிகள் என்று ரயில்வே தானே வைத்திருக்கும் பட்டியலில் சாய்தளம், வழுக்காத நடைபாதை, ஒரு கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றோடு, மாற்றுத்திறனாளிகள் வண்டிக்குக் குறைந்தது இரண்டு பார்க்கிங் இடங்களும் இருக்கின்றன. விருத்தாசலம் ஜங்ஷன் மாதிரி சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நாலு பக்கமும் ரயில் பிரிகிற இடத்தில், ரயிலைப் பிடிப்பதே இந்த இரண்டு இடங்களை நம்பித்தான் என்று இருப்பவர்கள் உண்டு. நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் மட்டுமில்லை, இறங்கும் ஸ்டேஷனிலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

மால், தியேட்டர், மண்டபம், தனியார் மருத்துவமனை? பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியாரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். "தனியார் இடம், நாங்க வைக்கிறதுதான் சட்டம்" என்பது செல்லாது.

இதில் 2024 நவம்பர் 8-ம் தேதி ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில், அணுகல் தரங்களை 'பின்பற்றினால் நல்லது' என்கிற அளவில் வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களை மத்திய அரசு தனியாக வகுக்கணும் என்றும் உத்தரவிட்டது. பார்க்கிங் இடம் விடுவது ஒருவரின் நல்ல மனசைப் பொறுத்த விஷயம் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீங்க. ஒதுக்கின இடம் என்றால் இலவச இடம் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் கட்டணம் வாங்குவதில்லை, சில இடங்களில் வாங்குவார்கள். உள்ளே போகும்போதே கேட்டுடுங்க.

வெளிநாட்டுக்குப் போனால்?

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், யு.டி.ஐ.டி-யைக் கண்ணாடியில் வைத்து நிறுத்த முடியாது. அங்கே செல்வது ப்ளூ பேட்ஜ்தான். 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, 2000-ல் நீலத்துக்கு மாறின அட்டை அது. அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த பேட்ஜ் வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. யாருடைய காரில் போனாலும், டாக்ஸியில் போனாலும் பேட்ஜை எடுத்து வைத்தால் போதும். அவர் இல்லாமல் வீட்டுக்காரர்கள் அதைப் பயன்படுத்தினால் இங்கிலாந்தில் 1,000 பவுண்டு வரை அபராதம்.

ஊர்விட்டு ஊர் போகும் பிரச்னை அங்கேயும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்து அட்டையை இன்னொரு மாநிலம் ஏற்கணும் என்பதற்கு 1991-ல் மத்திய அளவில் பொதுவான விதிமுறை கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் ஒரே மாதிரி பார்க்கிங் அட்டைக்கு 1998-லேயே பரிந்துரை செய்தும் குழப்பம் தீரவில்லை. 2024-ல் அதைச் சட்டமாகவே இயற்றியிருக்கிறார்கள். 2028-ல் நடைமுறைக்கு வரும். நம்மிடம் நாடு முழுக்க ஒரே அடையாள அட்டை ஏற்கெனவே இருக்கு. அதோடு பார்க்கிங்கை இணைக்கும் ஒரு விதிதான் பாக்கி.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் கால்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால், முகூர்த்த நேரத்தில் மண்டப வாசலில் நின்று சட்டப்பிரிவு சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மண்டபமோ, லாட்ஜோ, மருத்துவமனையோ, கோயிலோ, போகும் இடத்துக்கு முதல் நாளே போன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க:

1. மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இருக்கிறதா? வாசலிலிருந்து எவ்வளவு தூரம்?

2. அங்கிருந்து வாசல்வரை படி இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா? நடுவில் மண் தரையா, சிமென்ட் தரையா?

3. நாங்கள் வரும் நேரத்தில் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியுமா? யாரிடம் சொல்லணும்? அவர் போன் நம்பர் என்ன?

4. அப்படியொரு இடமே இல்லையென்றால், வாசல்வரை காரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு வண்டியை வேறு இடத்தில் நிறுத்த விடுவீர்களா?

நாலாவது கேள்வியை விடாமல் கேளுங்க. தேர்த் திருவிழா நேரத்தில் கோயிலைச் சுற்றி வண்டியே விடமாட்டார்கள். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் மாசி மகத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த நாளில் பார்க்கிங் கிடைக்காது. ஆனால், முன்கூட்டியே பேசினால் இறங்க ஓர் இடம் கிடைக்க வாய்ப்பிருக்கு.

போன இடத்தில் ஒதுக்கின இடத்தை யாராவது அடைத்திருந்தால் முதலில் மேனேஜரிடம் பேசுங்க. செக்யூரிட்டியிடம் சண்டை போடுவதில் பயனில்லை. சம்பளத்துக்கு நிற்கிற அவருக்கு இந்த விதியை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பேசியும் நடக்கவில்லையென்றால் போட்டோ எடுங்கள். மத்திய அரசின் 'சுகம்ய பாரத்' ஆப் 2021-ல் வந்தது. பொது இடங்களில் அணுகல் வசதி இல்லை என்பதைப் போட்டோவோடு அதில் புகார் செய்யலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது.

சட்டம் மறுபக்கமும் வெட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "தாத்தா கார்டு சும்மாதானே இருக்கு" என்று எடுத்துட்டுப் போறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

கார்டு இல்லாத நமக்கு

இதைப் படிக்கிற பலருக்கு அந்த கார்டு தேவைப்படாது. ஆனால், அந்தக் கோடு போட்ட இடம் காலியாக இருக்கணும் என்றால் நம்ம தயவு தேவையில்லை, நாம் அங்கே நிறுத்தாமல் இருந்தாலே போதும். "ரெண்டே நிமிஷம், ஏ.டி.எம் போயிட்டு வந்துடுறேன்" என்று நிறுத்துகிற அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் ஒருத்தர் வந்து, இடம் இல்லைன்னு பார்த்து, ஒண்ணும் சொல்லாமல் திரும்பிப் போயிருப்பார். அவர் வந்தது நமக்குத் தெரியவே தெரியாது. பூ அலங்கார வேன் டிரைவருக்கும் தெரியாது. அவர் கெட்டவர் எல்லாம் இல்லை. பூ வாடிடக் கூடாதேன்னு வாசல் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்.

இன்னொன்று. எல்லாக் குறைபாடும் கண்ணுக்குத் தெரியாது. கார்டு காட்டி அந்த இடத்தில் இறங்குகிறவர் நன்றாக நடக்கிறாரே என்று நிறுத்திக் கேள்வி கேட்காதீங்க. மருத்துவர் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அது. அதைச் சரிபார்ப்பது நம் வேலை இல்லை.

வரும் மாதம் எங்க சொந்தத்தில் இன்னொரு கல்யாணம். இந்த முறை நான் முன்கூட்டியே மண்டபத்துக்கு போன் பண்ணினேன். நாலு கேள்வியையும் கேட்டேன். ஒதுக்கின இடம் என்று தனியாக எதுவும் இல்லையாம். ஆனால், எடுத்துப் பேசின மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாசல் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டுக் கயிறு கட்டி வச்சிடுறேம்மா. நீங்க வந்ததும் எனக்கு ஒரு போன் அடிங்க" என்றார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். யு.டி.ஐ.டி-யை டிஜிலாக்கரில் ஏத்திக்கொடுத்ததையும் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தவர், "அதெல்லாம் சரி. கதவு முழுசா தொறக்கிற மாதிரி நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லு" என்றார்.

மேனேஜருக்கு மறுபடியும் போன் பண்ணி, 12 அடி என்று சொல்லியிருக்கேன்.